நடுப்பகலைத் தரும் மேகம்

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். தரங்கம்பாடியில் வந்து இறங்கியதிலிருந்து வானம் வெளுக்கவே இல்லை, சூரியன் எழுவதைப் பார்க்க இருட்டிலேயே எழுந்து போய் ஏமாந்து திரும்பினீர்கள், அப்பா கடலில் இறங்க விடமாட்டேன் என்கிறார், அரையாண்டு விடுமுறை இப்படி வீணாகிறதே என்று வருத்தப்பட்டிருக்கிறாய். அறையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பலாமா என்று பேச்சு நடப்பதாக உன் அம்மாவும் சொன்னாள். கிளம்ப வேண்டாம் என்பது என் கருத்து. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மேகம் மூடிய நாளில் அந்தக் கரை உனக்குக் கொடுக்கக்கூடியது நிறைய இருக்கிறது. அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வெயில் நாளில் நம் பக்கத்துக் கடற்கரையில் என்ன நடக்கும் என்று யோசி. விடியலில் ஒரு நடை. எட்டரை மணிக்கெல்லாம் கண் கூசும். பத்து மணிக்கு மணல் காலைச் சுடும், எல்லோரும் அறைக்குத் திரும்பி மின்விசிறிக்கு அடியில் படுத்துவிடுவோம். மறுபடி வெளியே வருவது நாலரை மணிக்கு மேல். டிசம்பரில் ஆறு மணி வாக்கில் இருட்டத் தொடங்கிவிடும். கடலுக்கென்று புறப்பட்டு வந்தவர்களுக்குக் கடல் கிடைப்பது காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், அவ்வளவுதான். குளிர்நாட்டுக்காரர்கள் வெயிலுக்கு ஏங்குகிறவர்கள். நீல வானமும் பளபளக்கும் மணலும் இருந்தால்தான் அவர்களுக்குக் கடற்கரை. அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து நாமும் அப்படியே நினைத்துப் பழகிவிட்டோம். சோழமண்டலக் கரையின் கணக்கு வேறு. இங்கே மேகம்தான் நமக்கு நடுப்பகலைத் தருகிறது. பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடக்கலாம். அந்த மணிகளை உன் கையில் கொடுத்தது நீ கோபித்துக்கொள்ளும் அதே வானம்தான்.

இன்னொன்றும் கவனி. நம் கரை கிழக்கே பார்த்தது. தெளிந்த நாளில் காலை முழுவதும் சூரியன் கடலின் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும்; தண்ணீர் தகதகக்கும், அலையின் உருவம் தெரியாது, பறவையும் படகும் கறுப்பாக மட்டும் தெரியும். மேகம் இருந்தால் அந்தக் கூச்சம் இல்லை. கல்யாண வீட்டில் புகைப்படக்காரர் விளக்குக்கு முன்னால் வெள்ளைக் குடையை விரித்து வைப்பாரே, அந்த வேலையை வானம் முழுவதும் செய்கிறது. வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் மெதுவாக வருகிறது. அலை எந்த இடத்தில் முதுகு நிமிர்த்துகிறது, எங்கே உடைகிறது, எத்தனை சிறிய அலைகளுக்குப் பின் பெரியது ஒன்று வருகிறது, எல்லாம் தெரியும். அலை விளிம்பில் ஓடி ஓடி மணலைக் கொத்தும் உள்ளான்களின் இறகுக் கோடுகள் வரை தெரியும்.

ஆகவே நாளைக் காலை செய்ய வேண்டிய முதல் வேலை, கடலின் நிறத்தைப் பார்ப்பது. சாம்பல் நிறம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதே. மழைக்காலத்தில் காவிரியின் கிளைகள் வண்டலைக் கொண்டுவந்து கடலில் தள்ளுகின்றன. உங்களுக்குப் பக்கத்திலேயே உப்பனாறு கடலில் சேர்கிறது. கரையோரம் கலங்கலான பழுப்பு, அதற்கப்பால் பச்சை கலந்த சாம்பல், தொடுவானத்தை ஒட்டி ஈயம் போல ஒரு கோடு. பழுப்பு எங்கே முடிந்து பச்சை எங்கே தொடங்குகிறது என்று பார். மறுநாள் அந்த எல்லை நகர்ந்திருக்கும். தூரத்தில் மேகத்தின் அடியிலிருந்து கடல்வரை ஒரு மங்கலான திரை தொங்கினால் அங்கே மழை பெய்கிறது என்று பொருள். அது உன் பக்கம் வருகிறதா, தெற்கே விலகுகிறதா என்று பத்து நிமிடம் பார்த்துக் கணித்துவிட்டு, பிறகு கடிகாரத்தைப் பார். கணிப்பு இரண்டொரு முறை பலித்துவிட்டால் அந்த ஆசை உன்னை விடாது.

இந்த மேகம் எங்கிருந்து வருகிறது என்று பாடத்தில் படித்திருப்பாய். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து வீசும் காற்று வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை ஏற்றிக்கொண்டு நம் கரைக்கு வருகிறது. இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழை ஜூனில் தொடங்கிச் செப்டம்பரில் முடிந்துவிடும். நாகை, மயிலாடுதுறைக் கரைக்கோ ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதங்களில்தான். பாடத்தில் படித்ததை உடம்பால் அறிய இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு குச்சியில் ரிப்பனைக் கட்டி மாடியில் நட்டு வை. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். இப்போது வீசுவது எது என்று நீயே முடிவு செய்துகொண்டு, பிறகு கரையில் இருக்கும் மீனவர் யாரையாவது கேட்டுச் சரிபார். உன் அப்பாவின் கைபேசியில் காற்றழுத்தம் காட்டும் வசதி இருந்தால் இன்னொரு விந்தையும் காணலாம். நம் வெப்பநாட்டுப் பகுதியில் காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் காலை பத்து மணி வாக்கிலும் இரவு பத்து மணி வாக்கிலும் ஏறி, மாலை நாலு மணி வாக்கிலும் விடியலுக்கு முன்பும் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் குலைந்து அழுத்தம் இறங்கிக்கொண்டே போனால், கடலில் எங்கோ ஒரு தாழ்வு நிலை வலுக்கிறது.

இந்த இடத்தில் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். அப்பா சொல்வது சரி, கடலில் இறங்காதே. இந்தப் பருவத்தில் அலை உயரம், கரை செங்குத்தாக அரிக்கப்பட்டிருக்கும், கரைக்கு வந்த தண்ணீர் சில இடங்களில் ஒரு வாய்க்காலாகச் சேர்ந்து வேகமாகக் கடலுக்குள் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது, மேலோட்டமாக அமைதியாகத் தெரியும். புதியவர்கள் குளிக்கத் தேர்ந்தெடுப்பதும் அதையேதான். கூச்சமில்லாத வெளிச்சத்தில் அங்குள்ள டேன்ஸ்போர்க் கோட்டையின் மேல்தளத்தில் நின்று பார்த்தால் கலங்கல் நீர் நாக்கு நீட்டிக் கடலுக்குள் போவது தெரியும். அதை அடையாளம் காணக் கற்றுக்கொள், வாழ்நாள் முழுக்க உதவும். இடி கேட்டால் மணலில் நிற்காதே. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் வரும். முப்பது நொடிக்குள் என்றால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். காரைக்கால், நாகப்பட்டினம் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைச் செய்தியில் கேட்டுக்கொள். 1, 2 என்றால் புயல்சின்னம் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் உள்ளூருக்கே எச்சரிக்கை. 5 முதல் அபாயம், 8 முதல் பெரும் அபாயம், 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. எண் 3-ஐத் தொட்டால் நான் இதுவரை எழுதியதை எல்லாம் மடித்து வைத்துவிட்டு வண்டி ஏறுங்கள். அதுவரை பயப்பட வேண்டியதில்லை. மேகத்தைக் கண்டு பயந்து வெயிலை நம்பவும் கூடாது: 2004 டிசம்பர் 26 வெயிலோடு விடிந்த ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை அந்தக் காலையில்தான் தரங்கம்பாடியில் நுழைந்தது.

மேகம் இருக்கிறதே என்று முகத்துக்குக் களிம்பு தடவாமல் போகாதே. மெல்லிய மேகத்தைப் புறஊதாக் கதிர் பெரும்பாலும் ஊடுருவிவிடும். வெப்பம் தெரியாததால் நீயும் அதிக நேரம் நிற்பாய்.

சரி, நடுப்பகலுக்கு வருவோம். கோட்டைக்குப் போ. திறந்திருக்கும் நாளா என்று மட்டும் முன்னால் விசாரித்துக்கொள். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க்குக்காரர்கள் கட்டியது இந்த டேன்ஸ்போர்க் கோட்டை. அவர்கள் தளபதி ஓவே கெட்டே. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை இந்த ஊர் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருந்தது. கடலைப் பார்த்த மேல்தளத்தில் நின்று இதை நினைத்துப் பார்: அந்தக் காலத்தில் இங்கே துறைமுகம் என்று எதுவும் கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் மனிதரையும் கயிற்றால் தைத்த சலங்குப் படகுகளில் அலைகளுக்கு மேலாகக் கொண்டுவருவார்கள். வடகிழக்குப் பருவம் தொடங்கினால் பெரிய கப்பல்கள் இந்தக் கரையை விட்டே விலகிவிடும். இப்போது உன் முன்னால் இருக்கும் வெறுமையான சாம்பல் கடலைத்தான் அவர்கள் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டு, ஊரிலிருந்து கடிதம் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். நீல வானத்தின் கீழே வந்தவர்களுக்கு இந்தக் கோட்டை ஓர் அழகான கட்டடமாகத் தெரியும். இங்கே வாழ்வது எப்படி இருந்திருக்கும் என்பது உன்னைப் போல மழைக்காலத்தில் வந்தவர்களுக்குத்தான் புரியும்.

கோட்டையை விட்டு வெளியே வந்தால் வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதன் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை, பருவத்துக்கு ஏற்ப இடம் மாறுகிறது. மழைக்காலத்தின் உயர்ந்த அலைகள் நம் கரையை அரித்து ஒல்லியாக்கும். கரையில் குவித்திருக்கும் கருங்கற்கள் அந்த அரிப்பைத் தடுக்கத்தான். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் அங்கே ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீ சற்று நேரம் நின்று, ஓர் அலை கல்லில் மோதி எத்தனை தூரம் ஏறுகிறது, திரும்பும்போது எதை இழுத்துப் போகிறது என்று பார். ஒரு கோயிலின் முன்பக்கம் எப்படிப் போனது என்பது விளங்கும்.

பிறகு ராஜா வீதியில் நட. 1718-இல் முடிந்த புதிய எருசலேம் ஆலயம் அங்கே இருக்கிறது. அதைக் கட்டிய பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கியவர். 1719-இல் இறந்து அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார். அவருடைய அச்சகத்தில் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அச்சுக் கோத்த தமிழுக்கு அந்த வீதி ஒரு பெரிய படி, அதை நீ வெயிலில் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடாமல் நின்று பார்க்க முடிகிறது என்பதே எனக்குச் சந்தோஷம். ஓர் உபாயம் சொல்கிறேன். மேகமூட்ட வெளிச்சத்தில் ஓவியமும் சுவரின் நிறமும் நன்றாகத் தெரியும், தேய்ந்த எழுத்து மட்டும் தெரியாது. எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழ வேண்டும். கைபேசி விளக்கைக் கல்லின் ஓரத்தில் படுக்கவைத்த மாதிரி பிடித்துப் பக்கவாட்டில் அடி. வெறும் சொரசொரப்பாக இருந்த கல்லறைப் பலகையில் பெயரும் ஆண்டும் எழுந்து வரும். கோயில் கல்வெட்டுக்கும் இதே வழிதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அலை உயரமாக அடித்த இரவுக்கு மறுநாள் கரையில் ஒரு கோடு கிடக்கும்: பாசி, சருகு, மரத்துண்டு, நுரை, கிளிஞ்சல். கடல் கடைசியாக எட்டிப்பார்த்த இடம் அது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நட. வெள்ளையாக, நீள்வட்டமாக, எடையே இல்லாத ஒன்று கிடைத்தால் அது கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது இதுதான். உயிரோடு இருந்தபோது கணவாய் இதிலுள்ள நுண்ணிய அறைகளில் காற்றையும் நீரையும் கூட்டிக் குறைத்து மிதந்தது. மட்டி ஓடுகளைப் புரட்டிப் பார். சிலவற்றில் துளைக்கருவியால் போட்டது போலத் துல்லியமான வட்ட ஓட்டை இருக்கும். ஒருவகை நத்தை ஓட்டைத் துளைத்து உள்ளிருந்த உயிரைத் தின்றதன் அடையாளம் அது. மணலும் பிசினும் சேர்ந்து சட்டைக் கழுத்துப் பட்டைபோல வளைந்த ஒரு பொருள் கிடந்தால் அந்த நத்தையின் முட்டைத் தொகுதி. பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடு. நண்டு வளைகளின் வாயில் மணல் உருண்டைகள் எந்தப் பக்கம் சிதறியிருக்கின்றன என்று பார். வெயிலில் உலர்ந்துவிடுவோம் என்று பதுங்கும் நண்டுகள் ஈரக் காற்றில் துணிந்து வெளியே வரும்; நீ அசையாமல் உட்கார்ந்தால் போதும். கண்ணாடிபோல வழவழப்பாகக் கிடக்கும் சொறி மீனைத் தொடாதே, செத்தாலும் அது கொட்டும். உள்ளே உயிர் இருக்கும் சங்கை எடுக்காதே. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றைச் செத்ததாக இருந்தாலும் எடுப்பது சட்டப்படி குற்றம்.

இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்துவிடாதே. 1768-இல் இங்கே வந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக், தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸிடம் படித்தவர். 1771-இல் வந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் பள்ளி நடத்திக்கொண்டே இந்தக் கரையின் மீன்களையும் கிளிஞ்சல்களையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பெர்லினில் இருந்த மார்கஸ் பிளாக் அவற்றை ஆராய்ந்து வரைந்து நூலாக்கினார். கத்தாளை மீன்களில் ஒரு கூட்டத்துக்கு ஜானின் பெயரையே வைத்தார். மீன்களைப் பிடித்து, பெயர் சொல்லி, எது எந்தப் பருவத்தில் வரும் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் இவ்வூர் மீனவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர்கள் பெயர் எந்த மீனுக்கும் வைக்கப்படவில்லை. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. நீ மீன் பெயர்களைக் குறித்துக்கொள்ளும்போது, யார் சொன்னார்கள் என்பதையும் அவர்கள் அனுமதியோடு பக்கத்தில் எழுதிக்கொள்.

மீனவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். உனக்கு நடுப்பகலைத் தரும் இந்த மேகம் அவர்களுக்குக் கூலியில்லாத நாள். எச்சரிக்கை வந்தால் படகு கடலுக்குள் போக முடியாது. பிடித்து வைத்த மீனும் கருவாடாகக் காயாது, புழுத்துவிடும். ஆகவே அவர்கள் முன்னால் நின்று ‘என்ன அருமையான வானிலை’ என்று சொல்லாதே. படகு போகாத நாளில் நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசல்களைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். அருகில் போய் வணக்கம் சொல்லி, உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார். படம் எடுக்கும் முன் கேள். எந்த மீனுக்கு எந்தக் கண் அளவு, நூல் ஏன் அந்த நிறம், முடிச்சு எப்படி என்று கேட்டால், வேலை நெருக்கடி இல்லாத நாளில் பொறுமையாகச் சொல்லித்தருவார்கள். அவர்களிடம் பேச நேரம் கிடைப்பதும் வெயில் நாளில் நடக்காத காரியம். போகும்போது அந்தத் தெருவிலேயே மீனோ கருவாடோ வாங்குங்கள், பேரம் பேச வேண்டாம் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

மழை பிடித்துக்கொண்ட மணிகளில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுது. காலை, நடுப்பகல், மாலை என்று நேரம், காற்றின் திசை, கடலின் நிறம், மேகம் உயரத்திலா தாழ்விலா, கரையில் கண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். வரையத் தெரியாது என்று சொல்லாதே. ஓட்டையுள்ள அந்த மட்டி ஓட்டை வரைந்து பார்த்தால், பார்த்தபோது தவறவிட்ட வளையக் கோடுகள் கண்ணில் படும். படம் எடுப்பதானால் வானத்தைச் சட்டத்துக்குள் அதிகம் விடாதே, வெளிறிப்போகும். படகின் பக்கச் சாயம், வலைக் குவியல், ஈர மணல் ஆகியவற்றின் நிறம் இந்த வெளிச்சத்தில் ஆழமாக வரும்.

ஒரு வேலை உன்னிடம் கேட்கிறேன். 1791 நவம்பரில், டேனிஷ் படையைச் சேர்ந்த தால்டார்ஃப் என்ற அதிகாரி, தரங்கம்பாடியில் ஒரு குளத்தருகே நின்ற பனைமரத்தில் தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்க இதழில் 1797-இல் அது வெளிவந்தது. நாம் பனையேறிக் கெண்டை என்று சொல்லும் மீன்தான். மரம் ஏறுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். ஆனால் மழை நாளில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஈரத் தரையில் நகர்ந்து ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது உண்மை. காற்றையே சுவாசிக்கும் உறுப்பு அதற்குத் தலையில் இருக்கிறது. ஊரைச் சுற்றி இன்னும் குளங்கள் இருக்கின்றன. மழை விட்ட மாலையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு குளக்கரையில் நின்று பார், அங்கே இருக்கும் பெரியவர்களிடமும் கேள். கண்டால் குளத்தின் இடம், மணி, தரை எவ்வளவு ஈரம், மீன் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று எழுது. காணாவிட்டாலும் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
உன் மாமா